கம்பெனி எருதும் ரெட் டேக்கும்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தப்ரேஸ் அந்த வீடியோவைப் பார்த்தார். முன்பு ஃபேக்டரியில் அவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்த ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். தளிப் பக்கத்து ஊர் ஒன்றில் எருது விடும் விழா. இருபுறமும் மரத்தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் கூட்டம், நடுவில் ஒரு வெள்ளை எருது. அதன் கொம்புகளில் கலர் காகிதமும் பலூனும் ஒட்டிய தட்டி. ஓடுகிற எருதிடமிருந்து அந்தத் தட்டியைப் பறித்தால் பறித்தவனுக்குப் பெருமை. பறிக்கவிடாமல் எல்லையைத் தாண்டினால் எருதுக்காரருக்குப் பரிசு.

இந்த எருது இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. கூட்டத்தை ஒருமுறை பார்த்தது. வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல அப்படியே திரும்பி, தான் வந்து இறங்கிய டெம்போவை நோக்கி ஓடியது. பின்னால் நின்ற மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டுத் தடுப்பில் ஏறினார்கள். வீடியோ எடுத்தவன் சிரித்த சிரிப்பில் செல்போனே ஆடியது. ஆனாலும் தட்டியில் எழுதியிருந்தது நன்றாகத் தெரிந்தது: கே.டி. பிரஸ் பார்ட்ஸ், ஓசூர்.

அது தப்ரேஸின் கம்பெனி. கே என்றால் கூட்டாளி கரியப்பன், டி என்றால் தப்ரேஸ்.

உண்மையைச் சொன்னால், அவருக்கு முதலில் வந்தது பெருமைதான். நம்ம பேரு எவ்வளவு தூரம் போயிருக்கு என்று நினைத்தார். இரண்டாவது செருப்பு கிடைத்து அதைக் காலில் மாட்டும்போதுதான், அந்தத் தட்டிக்கு யார் காசு கொடுத்தது என்ற யோசனை வந்தது. அப்புறம் எருதுக்கு யார் காசு கொடுத்தது என்ற யோசனையும் வந்தது. அதற்கப்புறம் அவர் வீட்டுக்குப் போகவில்லை, நேராக பேங்குக்குப் போனார்.

பாஸ்புக் பதியும் மிஷின் கரகரவென்று நாலு வரி அடித்துத் துப்பியது. அதில் இரண்டு வரி தப்ரேஸுக்குத் தெரியாதவை. ஒன்று ஒரு லட்சத்துப் பத்தாயிரம், இன்னொன்று ஐம்பதாயிரம். மீதி இருபதாயிரமும் சில்லறையும்.

அந்தக் கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருந்திருக்க வேண்டும். அது வேறு எதற்கும் தொடக்கூடாத பணம். இரண்டு சக்கர வண்டிகளுக்குப் பாகம் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று இவர்களுக்குப் புதிதாக ஒரு பிராக்கெட் ஆர்டர் கொடுத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு மாதாமாதம் வேலை. அந்த பிராக்கெட்டைத் தகட்டிலிருந்து அடித்தெடுக்கிற அச்சு, அதாவது டை, கர்நாடக எல்லை தாண்டி பொம்மசந்திராவில் தயாராகி உட்கார்ந்திருந்தது. டை செய்தவர் கறாரான ஆள். திங்கட்கிழமை மதியத்துக்குள் மீதிப் பணம் வந்தால் டை வண்டியேறும், வராவிட்டால் டை அங்கேயே இருக்கும், ஆர்டர் வேறொரு பட்டறை ஷெட்டுக்குப் போகும். அந்த ஆர்டரை நம்பித்தான் தப்ரேஸ், ஃபேக்டரி வேலையை விட்டபோது வந்த செட்டில்மென்ட் பணத்தையும் மனைவி ஃபிசாவின் ஆறு வளையல்களையும் இந்த ஷெட்டில் கொட்டியிருந்தார்.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனைக் கடித்த கதை என்பார்கள். இங்கே மாடே வந்து கடித்திருக்கிறது.

பணம் எப்படி வெளியே போயிற்று என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஜனவரியில் ஆம்பூரில் அக்கா மகள் கல்யாணம். ஒரு வாரம் ஊரில் இருக்கமாட்டார். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும். அவசரத்துக்கு ஆகட்டும் என்று ஐந்து வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு, கரியப்பனிடம் கொடுத்துவிட்டுத்தான் அவர் பிரியாணி சாப்பிடப் போனார். மூன்று செக் தகடு வாங்கவும் கூலி கொடுக்கவும் போனது. மீதி இரண்டு எங்கே என்று அவர் இதுவரை கேட்கவே இல்லை. பேங்கிலிருந்து வருகிற குறுஞ்செய்தியும் கரியப்பன் நம்பருக்குத்தான் போகும். பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தப்ரேஸைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருடம் ஒரே ஃபேக்டரியில், ஒரே பி ஷிஃப்டில், அவர் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். அதே ஷிஃப்டில் கரியப்பன் தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டினார். அவர் அடித்த பாகத்தை இவர் பார்த்து அட்டை கட்டுவார். பச்சை டேக் என்றால் சரி. மஞ்சள் டேக் என்றால் ரீவொர்க், திருத்திக்கொண்டு வா. ரெட் டேக் என்றால் கதை முடிந்தது, வெளியே தூக்கு. ஒருமுறை கட்டிய ரெட் டேக்கை, கட்டியவர் கையெழுத்தில்லாமல் மேனேஜர் வந்தாலும் அவிழ்க்க முடியாது. ஃபேக்டரி விருப்ப ஓய்வு கொடுத்தபோது இருவரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். வந்த பிறகும் தப்ரேஸ் மூன்று கலர் டேக்கையும் பைக் பையில் வைத்துக்கொண்டே சுற்றினார். ஒருநாள் புளித்துப்போன இட்லி மாவுச் சட்டியில் ரெட் டேக் தொங்குவதைப் பார்த்து ஃபிசா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஃபிசா வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்கிற விஷயமா இது?"

"மாடு ஓடுறதுக்குத்தாங்க சிரிச்சேன். வளையலை நினைச்சா எனக்கும் வயிறு எரியுது. போன்ல கத்தாதீங்க. அந்தாண்ட அவரு போனை வெச்சிட்டாருன்னா இன்னாத்த பண்ணுவீங்க? நேர்ல போய்ப் பாருங்க."

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. ஆர்டர் கொடுத்த கம்பெனியில் கொள்முதல் பார்க்கிற சுவேதா.

"சார், ஒரு வீடியோ பார்த்தேன். உங்க கம்பெனியா சார் அது?"

"ஆமாம்மா."

"எருதெல்லாம் வெச்சிருக்கீங்கன்னு தெரியாது சார். எங்க ஆபீஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்க. அது இருக்கட்டும், டை திங்கக்கிழமை வந்துரும்ல? செவ்வாய்க்கிழமை சாம்பிள் வேணும்."

வந்துரும் என்று தப்ரேஸ் சொன்னார். சொன்ன பிறகு பாஸ்புக்கை இன்னொரு முறை திறந்து பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் பைக்கை எடுத்தார். மத்திகிரி தாண்டி, ரோஜா வளர்க்கிற பாலிதீன் கூடாரங்கள் தாண்டி, குளிர்காற்று முகத்தில் அடிக்க அடிக்க, கரியப்பனிடம் பேச வேண்டியதை மூன்று விதமாகத் தயார் செய்தார். முதலாவதில் போலீஸ் வந்தது. இரண்டாவதில் வக்கீல் வந்தார். மூன்றாவதில் யாரும் வரவில்லை, "ஏன்டா இப்படிப் பண்ணே" என்ற ஒரே கேள்விதான் இருந்தது. அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் பைக் தானாக மெதுவாகியது. கோபம் மட்டும் வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கரியப்பன் வீட்டு வாசலில் கெம்பம்மா நின்றிருந்தாள். கரியப்பன் மனைவி. வீட்டில் கன்னடம்தான், தப்ரேஸைக் கண்டால் மட்டும் தமிழுக்கு மாறுவாள், பாதி மாறுவாள்.

"வாங்கண்ணா. ஊட்டா ஆச்சா, சாப்டீங்களா? கம்பெனி மாட்டப் பாக்க வந்தீங்களா?"

"கம்பெனி மாடா?"

"ஆமாண்ணா, விளம்பரத்துக்கு வாங்கினீங்களாமே. தினம் ரெண்டு கிலோ புண்ணாக்கு தின்னுது. கம்பெனில பில்லு குடுப்பாங்கன்னாரு இவரு. நானு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க." உள்ளே போய் ஒரு பால் நோட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். கரியப்பன் முழு எருதையே மறைத்திருக்கிறார், அதுவும் சொந்த வீட்டுக் கொல்லையில்.

கொல்லையில் கரியப்பன் எருதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தப்ரேஸைப் பார்த்ததும் கையிலிருந்த வைக்கோல் நழுவியது. எருது மட்டும் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. நல்ல எருதுதான். திமிலும் கொம்பும் குறை சொல்ல முடியாதவை. தரம் பார்த்தே பழகிய கண், வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதை மேலும் கீழும் அளந்துவிட்டது.

"பேரு என்னா?" என்றார் தப்ரேஸ். கேட்க நினைத்தது அதுவல்ல.

"ஓவர்டைம்," என்றார் கரியப்பன் தலையைக் குனிந்துகொண்டு.

பிறகு கரியப்பன் தானாகவே சொன்னார். சூளகிரிப் பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு எருதைக் கொடுப்பதாகச் சொன்னார், உடனே வாங்காவிட்டால் மறுநாளே வேறொருவருக்குப் போயிருக்கும். டெம்போ வாடகை, மேளம், தட்டி, மாலை என்று இன்னொரு முப்பதாயிரம். முதல் பரிசு இரண்டு லட்சம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பரிசை வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டால், பணம் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

"அப்ப தட்டியில ஏன் நம்ம பேரைப் போட்டே?"

"கம்பெனி பணம் பாய் அது. என் பேரைப் போட மனசு வரல."

திருடிய பணத்தில் நேர்மையாக விளம்பரம் செய்கிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது? தப்ரேஸ் தயார் செய்துவைத்திருந்த மூன்று பேச்சும் போன இடம் தெரியவில்லை.

"ஃபிசா வளையல் அதுல இருக்குது கரியப்பா."

கரியப்பன் கீழே விழுந்த வைக்கோலை எடுத்து, தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன். அதுக்குத்தான் ரெண்டு கையெழுத்து."

தப்ரேஸ் பைக்குக்குப் போய்ப் பையைத் திறந்தார். ரெட் டேக் ஒன்றைக் கிழித்து, பெட்ரோல் டேங்க் மேல் வைத்து நிதானமாக எழுதினார். பொருள்: எருது. எண்ணிக்கை: 1. காரணம்: உற்பத்திக்குத் தேவையில்லை. முடிவு: விற்பனை. பொறுப்பு: கரியப்பன். கெடு: திங்கள் காலை. கீழே கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்து, எருதின் கழுத்துக் கயிற்றில் அதைக் கட்டினார். ஓவர்டைம் அதை ஒருமுறை முகர்ந்துபார்த்துவிட்டுத் தின்ன முயன்றது.

கெம்பம்மா கொல்லைக் கதவருகே வந்து கைகளைக் கூப்பினாள். "தர்காவுல மந்திரிச்சதாண்ணா? நல்லதாச்சு. அன்னைக்கு யாரோ கண்ணு வெச்சிட்டாங்க, அதான் திரும்பி ஓடிருச்சு."

"இது என்னா தாயத்துன்னு உன் வீட்டுக்காரரையே கேளும்மா," என்றார் தப்ரேஸ். "அவருக்கு நல்லாத் தெரியும்."

அவர் பைக்கைக் கிளப்பும்போது கரியப்பன் அந்த டேக்கின் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் தப்ரேஸ் கட்டிய எத்தனையோ ரெட் டேக்குக்காகச் சண்டை போட்டவர். இந்த டேக்கின் முடிச்சை அவரே இன்னொரு முறை இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கரியப்பன் எருதைப் போச்சம்பள்ளி சந்தைக்குக் கொண்டுபோனார். என்ன நடந்தது என்று தப்ரேஸுக்குச் சந்தையிலிருந்தே செய்தி வந்துகொண்டிருந்தது, யார் யாரோ வீடியோ எடுத்து அனுப்பினார்கள். வாட்ஸ்அப் யாரைத்தான் விட்டது? "ரிவர்ஸ்ல ஓடுற மாடு இதாண்டா" என்று ஒரு கூட்டமே பின்னால் சுற்றியது. ஒரு தரகர் பல்லைப் பார்த்தார், திமிலைத் தட்டினார், பிறகு கழுத்தில் தொங்கிய சிவப்பு அட்டையைப் படித்துவிட்டு, "இதென்ன, மாட்டுக்குக் கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். கரியப்பன் அட்டையை அவிழ்க்கவில்லை. அவிழ்த்திருந்தால் விலை கொஞ்சம் ஏறியிருக்கும். கடைசியாக வந்த வீடியோவில் எருதை மத்தூர்க்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். எருது இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. கரியப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குத் தப்ரேஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எருதுக்காகவா, பணத்துக்காகவா, கரியப்பனுக்காகவா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. திரும்பி ஓடிய எருதை வாங்கிய விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். நாளை பணம் குறையும். குறைந்தால் டை இல்லை. டை இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை, ஷெட்டும் இல்லை. கரியப்பனோடு சேர்ந்து ஆரம்பித்ததே முட்டாள்தனம் என்று ஆகிவிடும். அந்தக் கடைசிதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினார். வழக்கமாக அந்த நேரத்தில் கரியப்பனின் மோட்டார் சைக்கிள் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வரும். செட்டில்மென்ட் பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. அன்று சத்தம் இல்லை. ஒன்பதரைக்கு, சிட்கோ பஸ் நிறுத்தத்திலிருந்து கரியப்பன் நடந்து வந்தார், கையில் சாப்பாட்டுப் பை.

பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எருது தொண்ணூறு. மிச்சம் எழுபது."

"வண்டி எங்கே?"

"அதான் எழுபது."

தப்ரேஸ் பணத்தை எண்ணினார். எண்ணாமல் வாங்கியிருந்தால் இன்னும் பெரிய மனுஷத்தனமாக இருந்திருக்கும், ஆனால் அந்தப் பெருமைக்கு இனி இந்தக் கம்பெனியில் இடமில்லை என்று சனிக்கிழமையே முடிவு செய்திருந்தார். சரியாக இருந்தது. பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப எழுந்தார். பேங்க் திறந்ததும் போட்டால் பத்தரைக்குள் டைக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஒரு நிமிஷம் பாய்." கரியப்பன் சட்டைப் பையிலிருந்து ரெட் டேக்கை எடுத்தார். எருது கடித்து ஒரு ஓரம் நைந்திருந்தது. "முடிச்சாச்சு. கையெழுத்துப் போட்டு குளோஸ் பண்ணு."

தப்ரேஸ் போட்டார். பதினெட்டு வருடப் பழக்கம், கை தானாகப் போட்டது.

கரியப்பன் இன்னொரு ரெட் டேக்கை எடுத்து அதன்மேல் வைத்தார். ஷெட்டில் கிடந்த பழைய டேக் கட்டு ஒன்றிலிருந்து கிழித்ததாக இருக்க வேண்டும். கோணல்மாணலான அவருடைய கையெழுத்தில் நிரப்பியிருந்தது. பொருள்: கரியப்பன். எண்ணிக்கை: 1. காரணம்: நம்ப முடியாது. முடிவு என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"கெம்பம்மா ரெண்டு நாளா சோறு போடல. அது அவ கணக்கு," என்றார் கரியப்பன். "இது உன் கணக்கு. நீ என்ன எழுதினாலும் சரி. நான் அவுக்கமாட்டேன்."

ஷெட்டில் மிஷின் எதுவும் ஓடவில்லை. தப்ரேஸுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. எழுதலாம். எழுதினால் நியாயம்தான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். பேனாவை எடுத்தார். காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தார். அவருக்குத் தன்னுடைய ஐந்து செக்கும் நினைவுக்கு வந்தன. அவையும் காலியாகத்தான் இருந்தன. நிரப்பாத தாளில் கையெழுத்துப் போட்டது யார்?

ரெட் டேக்கை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். மஞ்சள் டேக் கட்டை எடுத்து, புதிய டேக் ஒன்றைக் கிழித்து எழுதினார். பொருள்: கரியப்பன், தப்ரேஸ். எண்ணிக்கை: 2. முடிவு: ரீவொர்க்.

கரியப்பன் அதை வாங்கிப் பார்த்தார். எண்ணிக்கையைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"கையெழுத்து போடலையே நீ," என்றார்.

"காரணம்கிற இடம் காலியா இருக்குது பாரு. என்னென்ன திருத்தணும்னு அதுல எழுது. செக்கு, பேங்க் மெசேஜு, எல்லாம் எழுது. என் தப்பையும் சேர்த்து எழுது."

"எழுதிட்டா?"

"எழுதி முடிச்சப்புறம் முழுசாப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன். இனிமே வெத்துத் தாள்ல போடறதில்ல."

கரியப்பன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேனாவை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். டேக்கில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். தப்ரேஸ் கையில் பணப்பையோடு, பேங்க் திறக்கிற நேரம் தாண்டியும், அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.